மூன்று புது ஸ்பிரிங்

"நாலு மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பேன். அதுக்குள்ள நீங்க ஆதாரம் குடுத்தா சேர்த்துக் குடுப்பேன். குடுக்கலேன்னாலும் புகாரைக் குடுத்துட்டுத்தான் வருவேன்" என்றார் பல்செட் அம்மா.

வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையால் ஒரு சின்னக் கத்தியைப் பிடித்து, மேஜை மேலிருந்த கவரைக் கிழித்து, டைப் அடித்த இரண்டு தாள்களை வெளியே எடுத்தார். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லில்தான் சாப்பிடுகிறார்கள். இரண்டு தெரு தள்ளி அவருடைய லேப் இருக்கிறது. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள்; இவர் மெழுகில் ஈறு செதுக்கி, பல் வைத்து, செட்டாக்கி ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பார். இப்போது ஒன்பது நாளாக லேப் பூட்டிக் கிடக்கிறது.

சர்வேயர் தாள்களை வாங்கிப் படித்தார். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டபின் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினார். பெயர் மட்டும் மாறவில்லை. கூடவே எப்போதும் ஒருவன் வருவான். சர்வேயரின் கணவருக்குத் தம்பி. முப்பத்தெட்டு வயது. மருந்துக் கம்பெனி வேலையை வாயாலேயே கெடுத்துக்கொண்டவன். பின்னாலேயே சுற்றுவதாலும் சேட்டையாலும் அவனுக்கு வால் என்று பெயர்.

"மருமகனா?" என்றார் சர்வேயர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் பொண்ணைக் கட்டினவன். அந்த வார்த்தையை நான் சொல்றதில்ல. ரெண்டு வருஷமா பேசுறதும் இல்ல."

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டா?"

"நடுவுல என் பொண்ணு இருக்கா. நான் சொல்றதை அவன்கிட்ட சொல்லுவா. அவன் சொல்றதை என்கிட்ட சொல்லுவா."

"ரெண்டு பக்கமும் கரண்ட் பாயுது. ஃபியூஸ் போகலையா?" என்றான் வால்.

உள்ளேயிருந்து வந்த மகள் அதைக் கேட்டுக்கொண்டே இரண்டு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். கண்கள் வீங்கியிருந்தன. கதவோரம் பூட்டிய பெட்டி ஒன்று நின்றது. அம்மா ஸ்டேஷனுக்குப் போனால், அவளும் கணவனும் வீட்டை விட்டுப் போவதாக ஏற்பாடு.

"நடந்ததை உங்க வாயால சொல்லுங்கம்மா" என்றார் சர்வேயர்.

"சாயங்காலம். பெரிய சிக்னல். சிவப்பு விழுந்து நிக்கிறேன். ஆக்ஸிலேட்டர்ல கையே இல்ல. மூக்குக்கண்ணாடி நழுவுச்சுன்னு பிரேக்கை விட்டுட்டு அதைத் தூக்கி விட்டேன். அவ்வளவுதான். வண்டி பாஞ்சுடுச்சு. எதிர்ல தண்ணி லாரி குறுக்க போகுது. நான் பக்கவாட்டுல விழுந்தேன். விழலேன்னா இன்னிக்கு என் போட்டோவைத்தான் நீங்க பார்த்திருப்பீங்க."

"சரி. அதுல மருமகன் எங்க வர்றார்?"

"ராத்திரி ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்க. மறுநாள் மதியம் வீட்டுக்கு வர்றேன். இந்த போர்ட்டிகோவுல முட்டி போட்டுக்கிட்டு என் வண்டியைப் பிரிச்சு மூடிக்கிட்டு இருக்கான். கையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப் போச்சு. என்ன பண்றான்னு பொண்ணை விட்டுக் கேட்டேன். சும்மா பார்த்தேன்னானாம். லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கு ஸ்கூட்டர்ல சும்மா பார்க்க என்ன இருக்கு?"

சர்வேயர் எழுந்தார். ஸ்கூட்டர் சுவரோரம் நின்றது. ஒன்பது வயது, இடது பக்கம் முழுக்கப் புதுச் சிராய்ப்பு.

"ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?"

"தாராளமா."

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி பட்டனை அழுத்தினார். இன்ஜின் ஒரே உறுமலாக எழுந்தது. ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. போர்ட்டிகோவின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வால் இரண்டடி பின்வாங்கினான்.

"அண்ணி, ரன்வே எந்தப் பக்கம்?"

பல்செட் அம்மாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "சத்தம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

சர்வேயர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பிரேக்கை மெல்ல விட்டார். வண்டி உறுமியது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

"பாய மாட்டேங்குதே" என்றான் வால்.

"அதான். ஏன்னு பிரிச்சுப் பார்ப்போம்."

தான் கொண்டுவந்த பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, இடது பக்க மூடியின் எட்டு போல்ட்டையும் கழற்றினார். உள்ளே கறுப்புத் தூள் அப்பிய பெல்ட், பின்பக்கம் கிளட்ச். வால் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, கிளட்ச் மேலிருந்த டிரம்மையும் உருவி எடுத்தார்.

"இங்க பாருங்கம்மா. மூணு கட்டை இருக்கா? இதுங்கதான் கிளட்ச் ஷூ. இன்ஜின் வேகமா சுத்தினா மூணும் வெளியே விரிஞ்சு இந்த டிரம்மைக் கவ்வும். கவ்வினா வண்டி நகரும். வேகம் குறைஞ்சா, நடுவுல இருக்கிற மூணு ஸ்பிரிங்கும் கட்டைங்களை உள்ள இழுத்துக்கும். ஸ்பிரிங் கெட்டுப் போச்சுன்னா, நீங்க கேக்காமலே கவ்வ ஆரம்பிச்சுடும்."

பல்செட் அம்மா குனிந்தார். ஒன்பது வருட அழுக்கு படிந்த கிளட்ச். அதற்குள் மூன்று ஸ்பிரிங்குகள் மட்டும் கழுவி வைத்த ஸ்பூன் மாதிரி மின்னின.

அவர் நிமிர்ந்தார். "பழசு எங்க?"

சர்வேயர் குனிந்து, ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பழசை வெட்டி வெச்சிருக்கான். நான் பொழைச்சுட்டேன்னு தெரிஞ்சதும் புதுசை மாட்டித் தடயத்தை அழிச்சிருக்கான். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் சர்வேயரம்மா? வால் தம்பி, எனக்கு ஒரு டாக்ஸி சொல்லுங்க."

"மணி ஒண்ணரைதான் ஆகுது. நாலு மணின்னுதானே பேச்சு?" என்றார் சர்வேயர்.

*

தெருக்கோடி தாண்டியதும் வால் சொன்னான்: "எனக்கென்னவோ கேஸ் முடிஞ்சுடுச்சுன்னு தோணுது. மாமியார், மருமகன், வெட்டின ஸ்பிரிங். கல்யாணம் ஆகாதவன் நான், எனக்கே புரியுது."

"கொலை பண்ண நினைக்கிறவன் புது ஸ்பிரிங் வாங்குவானா?"

"தடயத்தை அழிக்க வாங்குவான்."

"அப்படின்னா எது கிடைச்சாலும் மாட்டியிருப்பான். நான் பார்த்த மூணும் கம்பெனி ஸ்பிரிங். முத்திரை இருந்துச்சு. டூப்ளிகேட் எல்லாக் கடையிலயும் தொங்கும். கம்பெனி ஸ்பிரிங் வேணும்னா தேடணும்."

அந்த வட்டாரத்தில் கம்பெனி உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றுதான். டயர்கள் வாசலை மறைத்திருந்தன. கடைக்காரர் ஒரு சைலன்சரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கிளட்ச் ஸ்பிரிங் மூணு. எட்டு நாள் முன்னாடி, காலையில. வாங்கின ஆள் ஞாபகம் இருக்கா?" என்றார் சர்வேயர்.

"நல்லாவே இருக்கு. கடையைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து ஷட்டர்ல சாஞ்சு நின்னாரு. காக்கிச் சட்டை. ராத்திரி தூங்கலை போல, கண்ணு செவந்திருந்துச்சு. விலை குறைஞ்சதும் இருக்குன்னேன். வேண்டாம், இது எங்க அத்தை வண்டின்னாரு."

"அத்தைன்னா சொன்னாரு?"

"ஆமா. நான்கூட, மாமியார் வண்டிக்கா இவ்வளவு அக்கறைன்னு கிண்டல் பண்ணினேன். சிரிக்கலை."

வால் வாயைத் திறந்தான். சர்வேயர் கையைக் காட்டினார். அவன் மூடிக்கொண்டான்.

"பழைய ஸ்பிரிங்கை எடுத்துட்டு வந்தாரா?"

"அளவுக்குக் கொண்டு வந்தாரு. ஒண்ணு உடைஞ்சது. மத்த ரெண்டும் தளர்ந்து போனது. இங்கயே போட்டுட்டுப் போயிட்டாரு." கடைக்காரர் மேஜைக்குக் கீழே கைவிட்டு, பழைய இரும்பு போட்டுவைத்த டப்பாவைத் துழாவினார். சின்ன ஸ்பிரிங் ஒன்றை எடுத்து நீட்டினார். கொக்கி இருக்க வேண்டிய முனை முறிந்திருந்தது.

சர்வேயர் அதை வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு வாலிடம் கொடுத்தார்.

"என்ன தெரியுது?"

"உடைஞ்சிருக்கு."

"உடைஞ்ச இடம்?"

"துரு பிடிச்சிருக்கு." வாலின் குரல் மாறியது. "உடைஞ்ச முகத்துலயே துரு. வெட்டியிருந்தா பளபளன்னுல்ல இருக்கணும்?"

"ஒன்பது நாள்ல இவ்வளவு துரு ஏறாது. மாசக் கணக்கா உடைஞ்சு கெடந்திருக்கு. யாரும் வெட்டலை. தானா போயிருக்கு."

"அப்ப மருமகன் நிரபராதி. கிளம்பலாம்."

"இல்ல" என்றார் சர்வேயர். "ஒரு ஸ்பிரிங் உடைஞ்சா வண்டி ஊரும். பிரேக்கை விட்டா மெல்ல நகரும். அந்தம்மா சொன்னது ஊர்ந்ததா, பாஞ்சதா?"

வால் தலையைச் சொறிந்தான். "பாஞ்சது."

"மாசக் கணக்கா ஊர்ந்துக்கிட்டிருந்த வண்டி அன்னிக்கு மட்டும் ஏன் பாஞ்சது? இன்னொரு கை இருக்கு."

*

மருமகன் ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தான். இவர்கள் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. லிஃப்டை அவன்தான் நிறுத்தி வைத்திருந்தான். ஏழாவது மாடியில் வால் சுவரைப் பிடித்துக்கொண்டு, "குற்றவாளி கீழ் மாடியில இருக்கிற கேஸா எடுங்க அண்ணி" என்றான்.

தான் யாரென்று சர்வேயர் சொன்னதும் மருமகன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். ஓடவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"நாலு மணிக்கா போறாங்க?" என்றான்.

"ஆமா."

"போகட்டும். நான் பிரிச்சது உண்மைதான்."

"ஸ்பிரிங் உடைஞ்சது எப்ப தெரியும்?"

"நாலு மாசமா சந்தேகம். ஒரு நாள் அத்தை வாசல்ல வண்டியை ஓடவிட்டுட்டு கேட்டைத் திறந்தாங்க. ஸ்டாண்டு போட்டிருந்தும் பின் சக்கரம் கடகடன்னு சுத்துச்சு, நின்னபாடில்ல. கிளட்ச் விடமாட்டேங்குதுன்னு புரிஞ்சுடுச்சு. சொல்லி அனுப்பினேன். என் வண்டியில கை வெக்க வேண்டாம்னு பதில் வந்துச்சு."

"அப்புறம்?"

"கிளட்சைப் பிரிக்க ரெண்டு மணி நேரமாவது வேணும். பகல்ல வண்டி அவங்ககூட போயிடும். மத்த நேரம் அவங்க ஜன்னலுக்குக் கீழயே நிக்கும். அதனால கார்புரேட்டர்ல இருக்கிற ஐட்லிங் ஸ்க்ரூவை மட்டும் கொஞ்சம் இறக்கி விட்டேன். ஒரு நிமிஷ வேலை. சும்மா நிக்கும்போது இன்ஜின் மெதுவா ஓடினா, ஸ்பிரிங் உடைஞ்சிருந்தாலும் கிளட்ச் கவ்வாது."

"கவ்வாது. ஆனா சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகும்."

"ஆகும். ஆனா ஆஃப் ஆன வண்டி லாரிக்குள்ள போகாதே." அவன் நெற்றியைத் துடைத்தான். "ஆனா நாலு நாள் கழிச்சுப் பார்த்தா ஸ்க்ரூ மறுபடி ஏறியிருக்கும். இறக்குவேன். ஏறும். அதிர்வுல தானா திரும்புதுன்னு நினைச்சேன். அதுதாங்க என் தப்பு. அன்னிக்கே சண்டை போட்டாவது பிரிச்சிருக்கணும்."

"விபத்துக்கு மறுநாள் ஸ்க்ரூவைத் தொட்டீங்களா?"

"இல்ல. ஸ்பிரிங் மாட்டி முடிச்சதும் ஸ்டார்ட் பண்ணித்தான் அதை செட் பண்ணணும். அதுக்குள்ள அத்தை வந்துட்டாங்க."

"இதையெல்லாம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே" என்றான் வால், முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல்.

"நான் தொட்ட வண்டின்னு தெரிஞ்சா ஓட்டுவாங்களா? வித்துட்டு நடந்து போவாங்க. அவங்களுக்கு முட்டி வலி."

சர்வேயர் மணி பார்த்தார். மூன்றேகால். "கிளம்புங்க, எங்களோட வாங்க. லிஃப்டை ஓட விட்டுட்டு வாங்க, இவன் இறங்கணும்."

*

வாசலில் டாக்ஸி நின்றது. பல்செட் அம்மா புகாரோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் நின்று, மகளைத் திரும்பிப் பார்த்தார். "அவன் எதுக்கு இங்க வந்தான்னு கேளு."

"நான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் சர்வேயர். "அஞ்சு நிமிஷம் குடுங்க."

உடைந்த ஸ்பிரிங்கைக் காட்டித் துருவை விளக்கினார். கடைக்காரர் சொன்னதைச் சொன்னார். மோட்டார் அறையில் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னார். பல்செட் அம்மா அசையவில்லை.

"அவன் சொன்னா நம்பிடுவீங்களா? ஸ்பிரிங் தானா உடைஞ்சதாவே இருக்கட்டும். பாஞ்சது எப்படி? அதையும் இவன்தான் பண்ணியிருப்பான்."

"ஸ்க்ரூவை யாரோ ரொம்ப ஏத்தி வெச்சிருக்காங்க. உடைஞ்ச ஸ்பிரிங், ஏத்தின ஸ்க்ரூ, ரெண்டும் சேர்ந்ததாலதான் பாஞ்சது. அந்தக் கை யாருதுன்னு வண்டியே சொல்லும். அன்னிக்கு அப்புறம் அதை யாரும் தொடலை."

சீட்டுக்குக் கீழே பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச்சை அடித்தார். "வால், பாரு. ஸ்க்ரூ தலையில ஒரு கோடு இருக்கா? அதுக்குள்ள என்ன இருக்கு?"

வால் கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தான். "ஏதோ அப்பியிருக்கு அண்ணி. கிரீஸ் இல்ல. ரோஸ் கலர். மெழுகு மாதிரி…"

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, பல்செட் அம்மாவின் பையில் செருகியிருந்த சின்னக் கத்தியைப் பார்த்தான். அதன் முனையிலும் அதே ரோஸ் நிறம். ஈறு செதுக்கும் மெழுகு.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மதியம் நான் ஸ்டார்ட் பண்ணினப்போ" என்றார் சர்வேயர், குரலை உயர்த்தாமல், "வண்டி அப்படி உறுமிச்சு. இவன் பயந்து தள்ளிப் போனான். நீங்க மட்டும் சத்தம் சரியாத்தான் இருக்குன்னீங்க. ஏன்னா அந்தச் சத்தத்தை வெச்சது நீங்க."

பல்செட் அம்மா படியிலேயே உட்கார்ந்தார். 

"ஆஃப் ஆகுது. ஒவ்வொரு சிக்னல்லயும் ஆஃப் ஆகுது. பின்னாடி இருக்கிறவன் எல்லாம் ஹார்ன் அடிக்கிறான், வயசானவ ஓரமா போன்னு கத்துறான். ஒரு மெக்கானிக் இந்த ஸ்க்ரூவைத் திருப்பினா நிக்காதுன்னு காட்டியிருந்தான். கையில இருந்த கத்தியால திருப்பினேன். சரியாச்சு. மறுபடி ஆஃப் ஆச்சு. மறுபடி திருப்பினேன். அன்னிக்குக் காலையில நாலு தடவை நின்னுச்சு. கோவத்துல ரெண்டு சுத்து ஏத்தினேன்."

"அவர் இறக்க, நீங்க ஏத்த" என்றார் சர்வேயர். "நாலு மாசம். உங்களை யாரும் கொல்லப் பார்க்கலைம்மா. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஒரு வாட்டி பேசியிருந்தா, ஒரு ஸ்பிரிங்கோட போயிருக்கும்."

டாக்ஸி டிரைவர் எட்டிப் பார்த்தார். மகள் சைகை காட்டி அனுப்பிவைத்தாள்.

பல்செட் அம்மா புகார்த் தாள்களை நான்காக மடித்தார். இடது கையால் மடிப்பது சுலபமாக இல்லை. "பெட்டியைப் பிரி" என்றார் மகளிடம். பிறகு தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "இப்ப அந்த ஸ்க்ரூவை எவ்வளவு வெக்கணும்?"

கேள்வி மகளுக்கு இல்லை என்பது எல்லோருக்கும் புரியச் சிறிது நேரமானது. மருமகனுக்குத்தான் கடைசியாகப் புரிந்தது.

"புது ஸ்பிரிங் போட்டாச்சு அத்தை. இனிமே கிளட்ச் தானா கவ்வாது. அதனால ரொம்ப இறக்கவும் வேண்டாம், ஏத்தவும் வேண்டாம். நடுவுல வெச்சாப் போதும். நிக்காது."

"வெச்சுக் காட்டு."

மதியம் கழற்றிய டிரம்மையும் மூடியையும் அவன் திரும்ப மாட்டினான். ஸ்டார்ட் செய்து, ஸ்க்ரூவைத் துளித்துளியாக இறக்கினான். உறுமல் தணிந்து, சீரான முனகலாகி நின்றது. ஐந்து நிமிடம் ஓடவிட்டான். ஆஃப் ஆகவில்லை. பின் சக்கரமும் துடிக்கவில்லை.

பல்செட் அம்மா காது கொடுத்துக் கேட்டார். "தச்சுவேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தருக்கு செட் முடிச்சு லேப்ல வெச்சிருக்கேன். ஒன்பது நாளா மனுஷன் கஞ்சியில ஓட்டுறார். கிளினிக் அஞ்சரை வரைக்கும் இருக்கும்."

"நான் கொண்டு போய்க் குடுத்துடறேன் அத்தை."

"உனக்கு எது மேல் செட், எது கீழ் செட்னு தெரியுமா? நானும் வர்றேன். பின்னாடி உக்காந்துக்கறேன்."

மகள் உள்ளே ஓடி ஹெல்மெட்டைக் கொண்டுவந்தாள். பல்செட் அம்மா அதை ஒற்றைக் கையால் தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஆனால் தாடைக்குக் கீழே பட்டையை மாட்ட முடியவில்லை. இரண்டு முறை முயன்றார். மருமகன் தன் கிரீஸ் விரல்களைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, தயங்கி, அருகில் வந்து மாட்டிவிட்டான். அவர் முகவாயை உயர்த்திக் கொடுத்தார். இருவருமே ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஸ்கூட்டர் ஒரு உதறல்கூட இல்லாமல் கேட்டைத் தாண்டியது. தெருவில் பாதி தூரம் போவதற்குள் பின்னாலிருந்த ஹெல்மெட் முன்னால் சாய்ந்து, முன்னிருந்த காதருகே விடாமல் அசைய ஆரம்பித்தது. முன்னிருந்த தலை, ஆமாம் ஆமாம் என்று ஆடியது.

வால் கேட்டில் சாய்ந்துகொண்டு பார்த்தான். "அண்ணி, அது திட்டா, வழி சொல்றதா?"

"ரெண்டும்தான்" என்றார் சர்வேயர், ஸ்பானர்களைப் பையில் போட்டபடி. "இன்னிக்குத்தானே மாமியார் ஆனாங்க."